சர்க்கரை ஜாடியின் காவல்

ரேஷன் அலுவலக விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் மேசைமேல் ஒரு கண்ணாடி ஜாடி ‘டொம்’மென்று வந்து உட்கார்ந்தது. உள்ளே கொஞ்சம் சர்க்கரை. அதன்மேல் ஓர் ஈ சுறுசுறுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜாடியைக் கொண்டுவந்த வீட்டுக்காரம்மாளின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பின்னால் அவள் புருஷன், வாட்ச் ரிப்பேர்காரர். அவருக்கும் பின்னால், நிறைமாத வயிறும் கட்டிய மூட்டையுமாக மாடியில் குடியிருக்கும் பெண். அவள் கணவன் போர்முனையில் இருந்தான்.

“இவ திருடின்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. அது இல்லாம காலி பண்ண வைக்க முடியாதாமே! என்ன சட்டமோ!”

“நான் தொடவே இல்லை சார்,” என்றாள் மாடிப் பெண். “இந்த நிலைமையில எனக்கு யாரு ரூம் கொடுப்பா?”

“வாயை மூடு!” வீட்டுக்காரம்மாள் ஜாடியில் ஒட்டியிருந்த காகிதப் பட்டையைக் காட்டினாள். “திங்கட்கிழமை இதுவரைக்கும் இருந்துச்சு. இன்னிக்கு வெள்ளி. ரெண்டு விரல் இறங்கிடுச்சு, பாருங்க.”

“ஈ எதுக்கும்மா?”

“அதுதான் காவல். அன்னிக்கே உள்ள விட்டு மூடினேன். யாராவது திறந்தா பறந்துடும், தெரிஞ்சுடும்னு. பாழாப்போனது அப்படியே இருக்கு, சர்க்கரையைத்தான் காணோம்!”

யுத்தம் வந்தபின் மனிதர்கள் எவ்வளவு அற்பமாகிவிட்டார்கள் என்று அதிகாரிக்கு எரிச்சலாக இருந்தது. பக்கத்து மேசைக் குமாஸ்தாவுக்கோ ஆர்வம் தாங்கவில்லை. ஜாடியைப் பார்த்து எச்சில் விழுங்கிவிட்டு, “சார், ஈயே தின்னிருக்குமோ?” என்றார்.

“அவ்வளவு தின்ன ஈ இத்தனை ஒல்லியா இருக்காதுய்யா.” அதிகாரி வீட்டுக்காரம்மாளிடம் திரும்பினார். “இந்தக் காவல் விஷயம் யாருக்கெல்லாம் தெரியும்?”

“யாருக்கும் மூச்சு விடலை. ஈயைப் பிடிச்சுக் கொடுத்தது மட்டும் இவரு. என் கைக்கு அது சிக்காது.”

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“மூடின ஜாடிக்குள்ள, சொட்டுத் தண்ணி இல்லாம, ஒரு ஈ நாலு நாள் இப்படிச் சுத்தாது. செத்திருக்கும். இது புது ஈ.”

“அப்போ பழசு?” என்றார் குமாஸ்தா.

“திறந்தப்பவே பறந்துடுச்சு. இந்தப் பொண்ணு திறந்திருந்தா, ஏதோ ஈ விழுந்திருக்கு, போகட்டும்னு ஜாடியை மூடியிருப்பா. அது காவல்னு தெரிஞ்ச ஆள்தான் மெனக்கெட்டு வேற ஒண்ணைப் பிடிச்சுப் போட்டிருக்கணும்.”

எல்லோரும் வாட்ச் ரிப்பேர்காரரைப் பார்த்தார்கள்.

“தினம் ரெண்டு ஸ்பூன்,” என்றார் மனைவியிடம். “நீ க்யூவுல நிக்கிறப்ப. தினம் ஒரு ஈயும் பிடிச்சேன். நாக்குல வெச்சா, அது கரையிற வரைக்கும் யுத்தமும் ஞாபகம் வராது, நீயும் ஞாபகம் வர மாட்டே.”

“இவரைக் காலி பண்ண ஏதாவது சட்டம் இருக்கா?” என்று வீட்டுக்காரம்மாள் கத்தினாள். குமாஸ்தா அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார்.

மாடிப் பெண் சிரிக்கவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் கோபம்.

“சர்க்கரை தின்னதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை அண்ணே. காலையில மூட்டை கட்டக் கயிறு போதலைன்னு நான் நின்னப்ப, உள்ள போய் எடுத்துட்டு வந்து கொடுத்தது நீங்கதானே?”

அவர் மூட்டையைத் தூக்கிக்கொள்ளக் கை நீட்டினார். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.