வாசல் வரை கேட்ட தாளம்

அரிமளத்து முருகப்பன் வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் உண்ணாமலை, இளையவள் முத்தாள். உண்ணாமலை பாட வாய் திறந்தால், அடுப்பில் பால் பொங்குவதைக்கூட ஆத்தா மறந்துவிடுவார். முத்தாள் பாட வாய் திறந்தால், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அதில் முத்தாளுக்கு வருத்தம் எதுவும் கிடையாது.

"வீட்டுக்கு ஒரு ஆள் பாடினாப் போதும்" என்று சொல்லிவிடுவாள்.

பாட்டு வராவிட்டாலும் தாளம் அவளுக்கு நன்றாக வரும். அந்த வீட்டில் தாளம் போடுவது அவள் வேலை. அதற்குக் காரணம் அப்பச்சி. அவர்கள் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்பார்கள், அக்காளை ஆச்சி என்பார்கள்.

அப்பச்சிக்குப் பாட்டென்றால் உயிர். ரங்கூனில் கடை வைத்திருந்தபோது ஆசையாக வாங்கிய கிராமபோன் பெட்டியைக் கப்பலில் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தவர் அவர். மகளுக்குப் பாட்டு வாத்தியார் ஏற்பாடு செய்ததும் அவர்தான். ஆனால் முதல் நாளே ஒரு சட்டம் போட்டுவிட்டார்.

"பாடட்டும், வேணாங்கல. ஆனா பொம்பளப் பிள்ளை பெரியவுக முன்னால தொடையில தட்டிக்கிட்டுப் பாடுறது நம்ம வீட்டு மரியாதை இல்ல. தாளத்தை வாத்தியாரு பாத்துக்கிடட்டும்."

அன்றிலிருந்து உண்ணாமலை இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டுதான் பாடினாள். வாத்தியார் வராத நாட்களில் முத்தாள் பின்னால் உட்கார்ந்து ஆச்சியின் முதுகில் தாளம் தட்டுவாள். அப்பச்சி வெளியூர் போயிருந்தால் மட்டும் உண்ணாமலை கதவைச் சாத்திக்கொண்டு, தன் கையாலேயே தாளம் போட்டுப் பாடுவாள். அப்போது அந்தப் பாட்டுக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும். அதைக் கேட்டிருப்பது முத்தாள் ஒருத்திதான்.

1940-ஆம் ஆண்டு கோடையில் ஒரு சேதி வந்தது. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் இசையைப் பாடமாகவே படிக்கலாம், பெண்களும் சேரலாம் என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து உண்ணாமலைக்குச் சோறு இறங்கவில்லை.

"பாட்டுப் படிக்க ரயில் ஏறியா போறது?" என்று ஊரில் சிரித்தார்கள். அப்பச்சி வெகுநேரம் யோசித்தார்.

"ஒரே ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போறேன். அவுக எடுத்துக்கிட்டாப் படிக்கட்டும். இல்லேன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுறணும், சரியா?" என்றார். பிறகு முத்தாளைப் பார்த்து, "தாளத்துக்கு ஆள் வேணும்ல? நீயும் கெளம்பு" என்றார்.

முத்தாளுக்குத் தலைகால் புரியவில்லை. புதுக்கோட்டை வரை மாட்டுவண்டி, அதற்கப்புறம் ரயில். வழியெல்லாம் அவள் முறுக்குத் தின்றாள். உண்ணாமலை ஒன்றையும் தொடவில்லை.

பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய கூடத்தில் தேர்வு நடந்தது. நடுவில் பாய் விரித்திருந்தது. ஓரமாக ஒருவர் தம்புரா மீட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு மேசைக்குப் பின்னால் மூன்று ஆசிரியர்கள். நடுவில் இருந்தவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அப்பச்சி துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார்.

உண்ணாமலை பாயில் உட்கார்ந்தாள். முத்தாளும் வழக்கம்போல அவள் முதுகுக்குப் பின்னால் போய்ச் சம்மணம் போட்டாள்.

"பாப்பா, அங்கே என்ன செய்யறே?" என்று கேட்டார் கண்ணாடி ஆசிரியர்.

"தாளம் போடப் போறேன் சார்."

"தேர்வு உனக்கா, அவளுக்கா?"

அப்பச்சி எழுந்து நின்று விளக்கினார். "எங்க வீட்டுல இவதாங்க தாளம். அதுக்குத்தான் கையோட கூட்டியாந்தேன்."

ஆசிரியர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பை அடக்கப் பெரும் பாடுபட்டார்கள்.

"பாடறவங்க தாளத்தை அவங்களேதான் போடணும். இங்கே அதுதான் முறை" என்றார் கண்ணாடி ஆசிரியர். முத்தாள் எழுந்து அப்பச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

உண்ணாமலை மோகன ராகத்தில் ஒரு முருகன் பாட்டைத் தொடங்கினாள். தாளம் போட வலது கையைத் தூக்கினாள். சுவரோரம் இருந்த அப்பச்சி கண்ணில் பட்டார். தூக்கிய கை அப்படியே மடிக்குத் திரும்பிவிட்டது. குரல் இனித்தது, ஆனால் இரண்டாவது அடியில் ஒரு சொல் முந்தியது, மூன்றாவது அடியில் ஒரு சொல் பிந்தியது. முத்தாள் மடியில் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டே தவித்தாள்.

"குரல் நல்ல குரல்தான். தாளம் இல்லாமல் நாங்க எப்படிச் சேர்த்துக்கிறது? கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு இன்னொரு தடவை பாடு, அம்மா. இதுதான் கடைசி" என்றார் ஆசிரியர்.

உண்ணாமலையின் கண்கள் நிறைந்துவிட்டன. ஆச்சிக்குத் தாளம் தெரியும். கதவைச் சாத்தினால் போதும், பிரமாதமாகப் போடுவாள். இங்கே எந்தக் கதவைச் சாத்துவது?

வயிற்று வலி என்று சொல்லி அப்பச்சியை வெளியே இழுத்துப் போகலாமா என்று யோசித்தாள். ஆனால் வயிற்று வலி என்றால் அப்பச்சி கஷாயம் வாங்கிக் கொடுத்துவிடுவார். அதைவிட உண்மையைச் சொல்லிவிடுவதே மேல் என்று தோன்றியது. பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவர் காதருகே போனாள்.

"அப்பச்சி, நீங்க இங்க இருக்க வரைக்கும் ஆச்சிக்குக் கை எழும்பாது."

"ஏன்? நான் என்ன பேயா, பிசாசா?"

"இல்ல அப்பச்சி. ஒங்க மேல அம்புட்டு மரியாதை. தட்டக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக? செத்த நேரம் அங்கிட்டு மரத்தடியில போயி நிப்போம், வாங்க."

அப்பச்சியின் முகம் சிவந்தது. திட்டத்தான் போகிறார் என்று முத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது அவர் மூத்த மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் இறுகிக் கிடந்த அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். முத்தாளும் பின்னாலேயே ஓடினாள்.

இருவரும் ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் இருந்த கல்லில் உட்கார்ந்தார்கள்.

உள்ளே முதலில் ஒரு தட்டுச் சத்தம் கேட்டது. அப்புறம் பாட்டு எழும்பியது.

அடேயப்பா! சற்று முன்பு தடுமாறிய பாட்டா இது? சொல்லுக்குச் சொல் இடம் தெரிந்து வந்து உட்கார்ந்தது. வேகம் கூடியபோதும் பிசகவில்லை. நடந்து போய்க்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"இது நம்ம உண்ணாமலையா பாடுது?" என்றார் அப்பச்சி மெதுவாக.

"ஆச்சிதான். கையால தாளம் போட்டா இப்படித்தான் பாடும்."

"எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"நீங்க இருந்தாத்தான் ஆச்சி தாளமே போடாதே, அப்பச்சி!"

கொஞ்ச நேரத்தில் அவருடைய கை தானாகவே தொடையில் தட்ட ஆரம்பித்தது. அதுவும் தப்பும் தவறுமாக! முத்தாளால் பொறுக்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துச் சரியான இடத்தில் தட்ட வைத்தாள். அப்பச்சியும் நல்ல பிள்ளையாகத் தட்டினார்.

பாட்டு முடிந்தது. கண்ணாடி ஆசிரியர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"இந்தத் தாளத்தை இத்தனை நாள் எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"நான்தாங்க ஒளிச்சு வச்சேன்" என்றார் அப்பச்சி.

ஆசிரியர் அவரை உள்ளே அழைத்துப் போனார். "சேர்த்துக்க எங்களுக்குச் சம்மதம். ஆனால் ஒன்று. இங்கே படிச்சா, ஊரே பார்க்க மேடை ஏறிப் பாடணும். நீங்களும் முன் வரிசையில் இருப்பீங்க. அப்பவும் கையைக் கட்டிக்கிட்டாள்னா?"

உண்ணாமலை பயந்துபோய் அப்பச்சியைப் பார்த்தாள். அவளுடைய படிப்பு முழுவதும் இப்போது அவர் சொல்லப்போகும் பதிலில்தான் இருந்தது.

அப்பச்சி சுவரோரம் போகவில்லை. நேரே மகளுக்கு எதிரில், பாயிலேயே உட்கார்ந்தார்.

"இன்னொரு பாட்டுப் பாடு, ஆத்தா. தாளத்தை நல்லாப் போடு. வாசல் வரைக்கும் கேக்கணும்."

உண்ணாமலைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கையைத் தூக்கினாள். போட்டாள் பாருங்கள் ஓர் அடி, மேசைமேல் இருந்த ஆசிரியரின் மூக்குக்கண்ணாடிக் கூடு துள்ளி விழுந்தது! பிறகு அப்பச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் பாடிய பாட்டு இருக்கிறதே, அதற்கு அந்த மூன்று ஆசிரியர்களும் தலையாட்டிய ஆட்டத்தில் பாட்டு முடிந்தது யாருக்கும் தெரியவில்லை.

"ஜூலை மாசம் படுக்கையோட வந்து சேரும்மா" என்றார் கண்ணாடி ஆசிரியர். பிறகு முத்தாளிடம் குனிந்து, "உனக்கும் ஓர் இடம் போட்டு வைக்கட்டுமா பாப்பா?" என்று கேட்டார்.

முத்தாள் அப்பச்சியை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"இப்ப முடியாது சார். வீட்டுல அப்பச்சிக்குத் தாளம் சொல்லிக் குடுக்கணும். ரொம்ப நாளாகும்போல இருக்கு."