வெயிலில் போன ஆரஞ்சு

சில்வண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள்.

“கையையும் கட்டணும், வாயையும் கட்டணும். சரின்னா ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று சித்தி சொல்லியிருந்தாள். “கை மட்டும்” என்று சில்வண்டு பேரம் பேசிப் பார்த்தாள். படியவில்லை.

அது ரசாயனம் வாங்கி விற்கும் கம்பெனி. சித்தி போன மாதம்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். இன்று பெரிய சிக்கல். இரண்டு பீப்பாய்களில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகள் மழையில் கரைந்துவிட்டன. ஒன்றில் ஹெக்சேன், மற்றதில் ஹெக்சீன். பார்த்தால் இரண்டும் தண்ணீர் மாதிரி! ஹெக்சேனை ஏற்ற வாசலில் வண்டி நின்றது. மாற்றி அனுப்பினால் சித்தியின் வேலை போய்விடும்.

“ரெண்டுமே கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்ததுதான்” என்றாள் சித்தி. “ஆனா ஹெக்சேன் வயிறு நிறைஞ்ச பிள்ளை. எதைக் கொடுத்தாலும் வேண்டாம்பான். ஹெக்சீன் பசிக்காரன். புரோமின் கரைசலோட ஆரஞ்சு நிறத்தை ஒரே வாய்ல முழுங்கிடுவான்!”

ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் எடுத்துச் சோதனைக் குழாயில் ஊற்றி, நன்றாகத் தெரியட்டும் என்று ஜன்னல் ஓரம் வைத்தாள். இரண்டிலும் புரோமின் கரைசலை விட்டுக் குலுக்கினாள். உற்றுப் பார்ப்பதற்குள்...

பாம்ம்ம்! வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

“இதோ வர்றேண்ணே!” சித்தி ஓடினாள். வேடிக்கை பார்க்கச் சில்வண்டும் ஓடினாள்.

திரும்பி வந்தால், இரண்டு குழாயிலும் ஆரஞ்சைக் காணோம்!

முதலாளி எட்டிப் பார்த்தார். “என்னம்மா இது, ரெண்டுமே ஹெக்சீனா? சரக்கு வித்தவன் ஏமாத்திட்டானா, உனக்குச் சோதிக்கத் தெரியலையா?”

சித்தியின் முகம் சுருங்கியது. சில்வண்டுக்குப் பொறுக்கவில்லை.

“சித்தி, வெயில்லயா வெச்சே?”

“பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

“சாயம் போச்சுன்னு யாராவது சட்டையைத் தூக்கிட்டு நம்ம துணிக்கடைக்கு வந்தா, அப்பா முதல்ல அதைத்தான் கேப்பாரு! வெயில்ல காயப் போட்டீங்களான்னு!”

சித்தி ஜன்னலைப் பார்த்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது.

“அடியே! வெயில் பட்டா ஹெக்சேனும் புரோமினோட சேர்ந்துக்குமே! பரீட்சையில எழுதிட்டு இங்க மறந்துட்டேனே!”

திரைச்சீலையை இழுத்து மூடினாள். புதுக் குழாய்கள், இருட்டு மூலை. மூன்று தலைகள் ஒன்றாகக் குனிந்தன. முதல் குழாயைக் குலுக்கினாள். ஆரஞ்சு போயே போச்சு!

இரண்டாவதைக் குலுக்கினாள். ஆரஞ்சு அப்படியே நின்றது. இன்னும் குலுக்கினாள். ம்ஹூம், அசையவில்லை!

“இதுதான் ஹெக்சேன்!” சித்தி குதித்தாள். சில்வண்டு அவளைவிட உயரமாகக் குதித்தாள்.

பீப்பாய் வண்டியில் ஏறியது. முதலாளி சிரித்தார். “லீவு நாள்ல இந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வாம்மா.”

“வர்றேன் சார்” என்றாள் சில்வண்டு. “ஆனா கையை மட்டும்தான் கட்டுவேன்!”

இந்த முறை பேரம் உடனே படிந்தது.