திருப்பி வாங்கிய பிள்ளை

பேர்லினில் எங்கள் ஜெபக் கூட்டத்தார் வருடம் ஒருமுறை பஸ் பிடித்துச் சுற்றுலா போவோம். எங்கே போவது என்று தீர்மானிப்பவர் அருட்பிரகாசம் அண்ணை. தீர்மானித்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டார். முதலில் தானே ரயிலேறிப் போய், கழிவறை எங்கே, சோற்றுப் பார்சலை எங்கே வைத்துச் சாப்பிடலாம், முழங்கால் வலிக்காரர் ஏறக்கூடிய படிதானா என்றெல்லாம் பார்த்து வந்தால்தான் அவருக்கு நித்திரை வரும். போன வருடம், பேர்லின் சுவர் விழுந்து ஏழெட்டு வருடமான நேரம், அவருடைய கண் லைப்சிக்கில் விழுந்தது. ஒரு காலத்தில் உலகத்து மிருகத் தோலெல்லாம் வந்து கைமாறிய ஊராம். பழைய தோல் வியாபாரிகளின் கட்டடம் ஒன்றைக் கேட்டால் திறந்து காட்டுவார்களாம்.

"செத்த நரியின்ர தோலைப் பாக்கவோ அண்ணை இவ்வளவு சனத்தையும் கூட்டிக்கொண்டு போகப் போறீங்கள்?" என்று கேட்டேன்.

"சரித்திரம், பேர்பெச்சுவா. சரித்திரம்."

சரித்திரத்தைப் பார்க்க முதலில் போனவர்கள் அண்ணை, அவருடைய மனைவி டொறத்தி, அவர்களின் நாலு வயது மகள் லாரா, பிறகு நான். லாரா சரியான குழப்படிக்காரி. கலியாணமாகி நெடுங்காலம் கழித்து, மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை. அதனால் யாரும் அவளை அதட்டுவதில்லை. ரயிலில் என் கைப்பையைக் கொட்டிக் கவிழ்த்தபோதும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

கார்த்திகை மாதத்துப் பின்னேரம். அந்தத் தோல் கட்டடத்தில் நாலு பக்கமும் உயர்ந்த சுவர், நடுவே ஒடுங்கிய முற்றம். அங்கே வெளிச்சம் வர மனமில்லாமல் வந்ததுபோல் இருந்தது. காவலாளி ஒரு கிழவர். கதவைத் திறந்துவிட்டு, உள்ளே ஒருவரும் இல்லை, ஆறுதலாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டார்.

பூச்சி அரிக்காமல் போடுகிற உருண்டையின் மணம் மூக்கில் ஏறியது. அதற்குக் கீழே இன்னொரு மணம், நனைந்த நாயின் மணம். அண்ணை படிகளைச் சோதிக்க மேலே போனார். நாங்கள் கீழே நீண்ட மண்டபம் ஒன்றுக்குள் நுழைந்தோம். யன்னலோரம் ஒரு பெரிய மேசை. மண்டபத்தின் மறுகோடியில் இரும்புக் கதவு போட்ட ஓர் அறை. வெயில் காலத்தில் தோல்கள் பழுதாகாமல் வைக்கிற குளிர் அறை அது என்று சுவரில் எழுதியிருந்தது.

மேசைக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள்.

சாம்பல் நிற மேலங்கி. வெறும் மேசையைப் புறங்கையால் தடவிக்கொண்டிருந்தாள். தோலைத் தரம் பிரிக்கிற வேலையைச் செய்து காட்டுகிறவள் என்று நினைத்தேன். லாரா பயமில்லாமல் அவளிடம் ஓடினாள். அந்தப் பெண் குனிந்து, லாராவின் தலைமயிரை விரலால் பிரித்து, அந்த இடத்தில் வாயால் ஊதிப் பார்த்தாள். தோலின் அடிமயிர் அடர்த்தியா என்று அப்படித்தான் பார்ப்பார்களாம். பிறகு நிமிர்ந்து டொறத்தியிடம் ஜேர்மன் மொழியில் மெதுவாகக் கேட்டாள்.

"இந்தப் பிள்ளையை எனக்குத் தருவீர்களா?"

எங்கள் ஆட்களின் எந்தக் கலியாண வீட்டிலும் பிறந்தநாளிலும் கேட்கிற பகிடிதான் இது. பதிலும் எல்லோருக்கும் பாடம். டொறத்தி சிரித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னாள்: "ஓம், கொண்டு போங்கோ. வீட்டிலை ஒரே குழப்படி."

ஜேர்மன்காரர் யாரும் இப்படிப் பகிடி விடுவதில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரம் உறைக்கவே இல்லை.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. நன்றி என்றாள். எழுந்து இரும்புக் கதவுப் பக்கம் நடந்தாள். கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. ஆனால் அவள் இல்லை.

திரும்பி வந்த காவலாளியிடம் அவளைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மாறியது. எங்களை அவசரமாக வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினார்.

அன்றிரவே லாராவின் உடம்பு குளிர்ந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, குளிர் மட்டும். ஹீட்டரோடு சாய்த்து வைத்தாலும் கால்கள் ஐஸ் மாதிரி இருந்தன. டொக்டர்கள் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், படம் பிடித்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். பிள்ளை நாளுக்கு நாள் உருகியது. குழப்படியெல்லாம் நின்றுவிட்டது. மூலையைப் பார்த்து, "அன்ரி கூப்பிடுறா, நான் போகட்டோ?" என்று கேட்கத் தொடங்கினாள்.

டொறத்தி ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, நான் வாயாலை குடுத்திட்டன். அவ எடுக்கிறா."

பிறகு கண்ணைத் துடைத்தாள். நோஞ்சான் பிள்ளையை அயலாருக்குக் கொடுத்து, ஒரு பிடி அரிசி அளந்து திருப்பி வாங்குவது மன்னாரில் எங்கள் பக்கத்து வழக்கம். டொறத்தியும் அப்படி வாங்கப்பட்ட பிள்ளைதான். "குடுத்ததைத் திருப்பி வாங்கலாம்" என்றாள்.

அண்ணை சுற்றுலாவைக் கைவிட்டுவிட்டார். அந்த இடத்தின் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுவார். அவரிடம் சொல்லாமல் நாங்கள் பிள்ளையைப் போர்த்துத் தூக்கிக்கொண்டு மறுபடியும் லைப்சிக் போனோம். காவலாளி எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு முற்றத்திலேயே நின்றுகொண்டார்.

மண்டபத்தில் யாரும் இல்லை. வெளியே பொழுது பட்டுக்கொண்டிருந்தது.

டொறத்தி மேசையில் அரிசியை வைத்தாள். "என்ர பிள்ளையைத் திருப்பித் தாங்கோ" என்று முதலில் தமிழிலும் பிறகு ஜேர்மனிலும் சொன்னாள்.

இரும்புக் கதவு திறந்தது.

உள்ளே இருட்டு. நனைந்த நாயின் மணம் எழும்பி வந்து முகத்தில் மோதியது. லாரா தாயின் கையிலிருந்து வழுக்கி இறங்கி நேரே உள்ளே நடந்தாள். நாங்கள் ஓடிப் பிடிக்க முதல் கதவு மூடிக்கொண்டது.

டொறத்தி கதவில் இரண்டு கையாலும் அடித்தாள். நான் மாதாவே, மாதாவே என்று கத்தினேன். உள்ளே யாரோ மெதுவாக ஊதுவது கேட்டது.

நீண்ட மூச்சு.

பிறகு கதவு தானாகத் திறந்தது. லாரா வெளியே வந்தாள். கன்னம் சிவந்திருந்தது, கை சுடச்சுட இருந்தது. டொறத்தி அவளை வாரியெடுத்து அழுதாள், சிரித்தாள். மேசையில் அரிசி ஒரு மணியும் இல்லை. அந்த இருட்டுக்குள் எட்டிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதைத்தான் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிள்ளை நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாக உறங்கினாள். சொன்ன சொல் கேட்டாள். அண்ணை ஊரெல்லாம் அதிசயம் என்று சொல்லித் திரிந்தார்.

ஒரு கிழமை போயிருக்கும். நான் மீன் குழம்பு கொண்டு பேர்லினில் நொய்கெல்ன் பகுதியில் இருக்கிற அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணை வேலைக்குப் போயிருந்தார். லாரா தாயின் மடியில் இருந்தாள். விளக்குப் போடுகிற நேரம், வாசற்கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது. கைப்பிடிக்குக் கீழே, தாழ்வாக.

"அம்மா, குளிருது. கதவைத் திறவுங்கோ."

லாராவின் குரல்.

டொறத்தி எழுந்தாள். மடியில் இருந்தவள் அவளுடைய சட்டையை இறுகப் பிடித்தாள். "திறக்காதைங்கோ அம்மா. நான்தானே லாரா."

டொறத்தி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. எது என்ர பிள்ளை?"

வாசலில் அழுகை மெல்ல ஓய்ந்தது. நான் போய்க் கதவைத் திறந்தேன். படிக்கட்டில் யாரும் இல்லை.

அது ஒவ்வொரு பின்னேரமும் வருகிறது. டொறத்தி யாருக்கும் கதவைத் திறப்பதில்லை. ஆனால் பொழுது படமுதல் ஒரு போர்வையை வாசலுக்கு வெளியே வைக்கிறாள். யாருக்கு அம்மா என்று உள்ளே இருப்பவள் கேட்பாளாம். டொறத்தி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போடுவாளாம்.

நேற்று விடிய, வேலைக்குப் போகிற வழியில் அங்கே ஏறினேன். படிக்கட்டில் பனிக்குளிர். வாசலில் சுருண்டு கிடந்த போர்வையைக் கையில் எடுத்தேன்.

சூடாக இருந்தது.