பன்னிரண்டாவது நிமிடத்தில் நடப்பவன்

இசைத்தட்டின் உள்ளுறையில் தான் எழுதிய அபிப்பிராயத்துக்குக் கீழே, இரண்டு விரல் இடைவெளி விட்டு, வேறொருவன் கையெழுத்து இருப்பதை அமில்கார் ரொல்தான் பார்த்தான். மொத்தை மொத்தையான பென்சில் எழுத்து. 'இரண்டாம் பக்கம், பன்னிரண்டாவது நிமிஷம். முரசுக்குப் பின்னால் யாரோ நடக்கிறார்கள். வெறுங்காலோடு.' அதற்குக் கீழே கசாப்புக்கடை ஓவிடியோவின் பெயர்.

அமில்காருக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த இசைத்தட்டைப் பதினான்கு வருடமாகக் கேட்கிறான். எழுபத்து நாலில், தலைநகரத்து இளைஞர்கள் நாலு பேர் பூட்டிக் கிடந்த ஒரு ஐஸ் தொழிற்சாலைக்குள் உட்கார்ந்து, ஒரு ஆர்மோனியம், கிடாருக்குப் பதில் கம்பி கட்டிய தகரங்கள், ஒரே ஒரு முரசு, பின்னோக்கி ஓடும் ஒலிநாடா ஆகியவற்றை வைத்துப் பதிவு செய்த ஆல்பம் அது. பெயர் 'பக்கத்து அறை'. வந்தபோது பத்திரிகைகள் திட்டின. குழு கலைந்து போன பிறகு அதே பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. கொன்கோர்தியா ஊரில் அதன் பிரதி ஒன்றே ஒன்று. வாரத்துக்கு ஒரு வீடு என்று அது ஊரைச் சுற்றும். திருப்பிக் கொடுக்கும்போது, கேட்டது என்ன என்று உள்ளுறையின் வெள்ளைக் காகிதத்தில் பென்சிலால் எழுத வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அமில்கார் வீட்டில் கூடி அதை உரக்கப் படித்துச் சண்டை போடுவார்கள். விதி ஒன்றுதான்: காதில் விழுந்ததை மட்டும் எழுது. விதியைப் போட்டவனே அமில்கார்தான். ஊரில் உள்ள பியானோக்களுக்கெல்லாம் சுருதி சேர்ப்பவன் அவன். அவன் காதைத் தாண்டி அந்தத் தட்டில் ஒரு ஈ கூடப் பறக்க முடியாது என்று எல்லோரும் நம்பினார்கள். எல்லோரையும் விட அவன் அதிகமாக நம்பினான்.

அடுத்த வாரம் மருந்துக்கடை பசுவால்தோ எழுதினான்: 'ஓவிடியோ சொன்னது சரி. நடக்கிறான். நடுவில் ஒருமுறை நிற்கிறான்.'

அதற்கடுத்து இருந்தது நெலிதாவின் கையெழுத்து. அமில்காரின் மனைவி. 'நடந்து வந்தவன் ஒரு நாற்காலியை இழுக்கிறான். யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, மெதுவாக.'

"நீ எப்போ கேட்ட?" என்றான்.

"கன்னியர் மடத்துப் பியானோவுக்குப் போனியே, அன்னைக்கு, பசுவால்தோ வீட்டுல. எந்த இடத்துல கவனிக்கணும்னு ஓவிடியோ சொன்னார்."

"எலும்பு வெட்டுறவன் உனக்குக் காது திறந்து விட்டானாக்கும்."

"உனக்குக் கேக்கலைன்னா கேக்கலைன்னு எழுதேன், குண்டா. யாரு உன்னை அடிக்கப்போறா?"

அவன் ஒல்லிதான். இருபத்திரண்டு வருடமாக அவள் செல்லமாகக் கூப்பிடும் பெயர் அது. அன்றுதான் முதல்முறையாக அது அவனுக்கு வலித்தது. கல்யாணமான புதிதில் இசையில் எதைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று அவனிடம்தான் அவள் கேட்பாள். தலையை அவன் தோளில் சாய்த்துக்கொண்டு, அவன் விரல் காட்டும் இடத்தில் கண்ணை மூடுவாள். இப்போது அவளுக்கு விரல் காட்ட ஒரு கசாப்புக்காரன். இரவுச் சாப்பாட்டுக்கு அவள் வறுத்துப் போட்ட இறைச்சி ஓவிடியோ கடையில் வாங்கியது என்பது நினைவு வந்ததும் தட்டைத் தள்ளி வைத்தான்.

மீண்டும் அவன் முறை வந்தது. வியாழக்கிழமை, அங்கே கோடையான ஜனவரி மாதத்து மதியத் தூக்க நேரம். ஊரே கதவுகளை அடைத்துக்கொண்டு கிடந்தது. மரச்சட்டங்களின் இடுக்கு வழியே வெயில் கோடு கோடாகத் தரையில் விழ, சூடேறிய இசைத்தட்டுப் பெட்டியின் தூசி வாசனையும், முற்றத்தில் அழுகிய ஆரஞ்சுகளின் புளிப்பும், மெழுகு தேய்த்த பியானோச் சட்டத்தின் நெடியும் அறைக்குள் அசையாமல் நின்றன. ஒலிபெருக்கியின் துணியில் காது பட மண்டியிட்டான். ஆர்மோனியம் இழுத்து இழுத்து மூச்சு விட்டது. தகரம் எங்கோ தொலைவில் சிணுங்கியது. முரசு பொறுமையாக, மிகப் பொறுமையாக அடித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடம். பதினொன்று. பன்னிரண்டு.

ஒன்றுமில்லை.

ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தான். ஒன்பது முறை வைத்தான். நடை இல்லை, நிற்றல் இல்லை, நாற்காலி இல்லை. ஊரில் எல்லோருக்கும் கேட்கிறது, அவனுக்கு மட்டும் கேட்கவில்லை. சனிக்கிழமை இதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். ஓவிடியோ பெருந்தன்மையாக ஆறுதல் சொல்வான். நெலிதா அவனைப் பரிதாபமாகப் பார்ப்பாள். அந்தப் பார்வையைத்தான் அவனால் தாங்க முடியாது.

பென்சிலை எடுத்தான். அவர்கள் எல்லோரையும் ஒரே வரியில் தூக்கிச் சாப்பிட வேண்டும். எழுதினான்: 'பாவம், பாதிதான் கேட்டிருக்கிறீர்கள். அவன் தட்டுக்குள் நடக்கவில்லை. நம்மை நோக்கி நடக்கிறான். இன்று வெளியே வந்துவிட்டான். என் பக்கத்தில் உட்கார்ந்தான்.'

எழுதி முடித்ததும் மனசு லேசானது.

சனிக்கிழமை அவனே அதைப் படித்தான். பசுவால்தோ இரண்டாம் பக்கத்தைப் போட்டான். பன்னிரண்டாவது நிமிடத்தில் எல்லோரும் முன்னால் குனிந்தார்கள். குனிந்தபடியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இல்ல," என்றான் ஓவிடியோ. அந்தப் பெரிய சிவந்த கைகளை முழங்காலில் ஊன்றி நிமிர்ந்தான். "இப்போ இல்ல. போன வாரம் என் காதால கேட்டேன், இப்போ அந்த இடமே காலியா இருக்கு."

"எனக்கும் கேக்கல," என்றான் பசுவால்தோ. சிரிக்கப் பார்த்து, சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

ஓவிடியோ எழுந்து தொப்பியை எடுத்தான். "அமில்கார் ஐயா, நான் படிக்காதவன். நூறு ஓவிடியோ வந்தாலும் உங்க ஒத்தக் காதுக்கு ஈடாகாது. அவன் இறங்கிட்டான். நீங்க எழுதினதுதான் நிஜம்." வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினான். "ஆனா நானா இருந்தா, வீட்டுல உக்கார இடம் குடுத்திருக்க மாட்டேன்."

இத்தனை இன்பம் அமில்காருக்குக் கிடைத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. விசிலடித்தபடி கோப்பைகளை எடுத்து வைத்தான். நெலிதா மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

"நிஜமாவே உக்காந்தானா?"

"உக்காந்தான்."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்," என்றான், வாய்க்கு வந்ததை.

அவள் அவனுடைய வலது பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் படுக்கப் போனாள்.

மறுநாள் ஞாயிறு. சாப்பிட்டதும் நெலிதா உள்ளறையில் தூங்கப் போய்விட்டாள். அமில்கார் முன்னறையில் உட்கார்ந்து மத்தே கலக்கினான்; ஒரே குடுக்கையைக் கை மாற்றி மாற்றிக் குடிக்கும் இலைத் தேநீர். சுரைக்குடுக்கையில் இலைத்தூள், அதில் சொருகிய வெள்ளிக் குழல், பக்கத்தில் வெந்நீர்க் கெட்டில். முதல் ஊற்றலைத் தானே உறிஞ்சிக் குடித்தான். கசப்பு நாக்கில் நின்றது. மறுபடி வெந்நீர் ஊற்றி, வலது பக்கம் கையை நீட்டினான். முப்பது வருடமாகக் கூட்டத்துக்கு ஊற்றிக் கொடுத்த கை. யாரும் இல்லை என்பதை அது யோசிக்கவில்லை.

கையிலிருந்த கனம் போனது.

குடுக்கை காலி நாற்காலிக்கு மேலே, ஒரு வாய் இருக்கக்கூடிய உயரத்தில் நின்றது. குழல் லேசாகச் சாய்ந்தது. எந்தச் சத்தமும் இல்லை. தெருவில் ஒரு நாய் குரைத்தது கேட்டது. சமையலறைக் குழாய் சொட்டியது கேட்டது. இங்கே ஒன்றும் கேட்கவில்லை. பிறகு குடுக்கை அவன் கைக்குத் திரும்பி வந்தது. இலையில் நீர் வற்றிப்போயிருந்தது. குழலின் முனை ஈரம்.

ஓட வேண்டும் என்று நினைத்தான். கை கெட்டிலை எடுத்தது. மத்தே குடிப்பவன் போதும் என்றால் நன்றி சொல்வான். சொன்னால் அவனை விட்டுவிடலாம். சொல்லாதவரை ஊற்றிக் கொடுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஊற்றினான். நீட்டினான். காலி. ஊற்றினான். நீட்டினான். காலி. வந்தவன் நன்றி சொன்னானா இல்லையா, அதுகூட அமில்காருக்குத் தெரியாது.

"யாரு, குண்டா?" உள்ளறையிலிருந்து நெலிதாவின் தூக்கக் குரல். "யாரு இவ்வளவு சத்தமா உறிஞ்சுறது?"

கெட்டிலோடு அப்படியே அவன் உள்ளறைப் பக்கம் திரும்பினான்.

தலை கலைந்தபடி அவள் வந்தாள். எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வலது பக்கத்து நாற்காலி நகர்ந்தது. ஓடு பதித்த தரையில், மெதுவாக, அவளை நோக்கி. கால்கள் உராய்ந்த வெள்ளைக் கோட்டை அவன் கண்ணால் பார்த்தான். காதில் ஒன்றுமில்லை. நாற்காலி அவளுக்கு அருகில் போய் நின்றது. அவள் காதை மூடியிருந்த தலைமுடி தானாக விலகியது, யாரோ ஒதுக்கி விட்டதுபோல.

அவள் தலையைச் சாய்த்தாள். கண்ணை மூடினாள். அப்படி அவள் சாய்ந்து எத்தனை வருடம் ஆயிற்று! பயத்துக்கும் முன்னால் அவனுக்குப் பொறாமைதான் வந்தது.

"என்ன சொல்றான்?" என்றான். "நெலிதா. என்ன சொல்றான்?"

அவள் விரலை உயர்த்தி அவனைப் பேசாதே என்றாள். கேட்டாள். வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டாள். நடுவில் ஒருமுறை கண் திறந்து அவன் கழுத்தைப் பார்த்தாள்.

"இவனுக்கா?" என்றாள் அந்த நாற்காலியிடம். "இல்ல. இவனுக்கு ஒண்ணும் கேக்காது."

மறுபடி காது கொடுத்து, சரியென்று தலையை ஆட்டினாள். பிறகு எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டாள்.