மேற்குச் சுவரின் கப்பல்கள்

"நிறுத்துங்க... ஏங்க, நிறுத்துங்க..."

ரயில் நிலையப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி, பையையும் குடையையும் ஒரே கையில் அள்ளிக்கொண்டு, அவள் படகுத்துறைக்கு ஓடினாள். பின்னால் மூச்சிரைக்க அவளுடைய சித்தப்பா. அவருக்கும் பின்னால் மழை.

பயனில்லை. படகு நடு ஆற்றில் நுரை கக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

துறையில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். நெற்றியில் ஒட்டிய ஈர முடி. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... மழை நாளில் விளக்கேற்றிய ஜன்னல் மாதிரி. ச்சே, இப்போது இதுவா முக்கியம்?

"ரயில் இப்பத்தான் வந்துச்சு. அதுக்குள்ள படகை எப்படி விட்டீங்க?"

"ரயிலுக்கும் படகுக்கும் சம்பந்தமே இல்லைங்க. ரயில் வர்றதுக்கு முன்னாடியே படகு போயிடும். போர்டுலயே போட்டிருக்கே."

"போர்டுல ஆயிரம் போடுவாங்க. வாராவாரம் இதே ரயில்ல வந்து இதே படகுல ஏறினவ நான். நீங்க வேலைக்குப் புதுசா?"

அவன் உதட்டோரம் என்னவோ துடித்தது. "இந்த வேலைக்குப் புதுசுதான்."

சித்தப்பா தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கிக் குடையை உதறினார். அவர் பதிப்பாளர். மாநிலத்தைப் பற்றி அவள் எழுதிய பயணக் கையேடு நாளை அச்சுக்குப் போகிறது. எந்தப் புத்தகமானாலும் கடைசி அத்தியாயம் சொல்லும் வழியில் தானே ஒருமுறை போய்ப் பார்க்காமல் அவர் அச்சுக்குக் கொடுக்கமாட்டார்.

மலையில் பிறந்து கடலில் முடிகிற மாநிலம். மிளகு வாங்க வந்த கப்பல்காரர்கள் பாட்டும் கதையும் சேர்த்து வாங்கிப்போன மாநிலம். அந்தக் கதை தொடங்கிய இடம், ஆறு கடலில் கலக்கும் இடத்திலிருந்த தீவுக் கோட்டை. கடைசி அத்தியாயத்தில் அதைப் பற்றி அவள் உருகி உருகி எழுதியிருந்தாள்... 'மாலை ரயிலில் இறங்கினால் படகு தயாராக நிற்கும். கோட்டையின் மேற்குச் சுவரைச் சுற்றிப் போகும். சாயும் வெயிலில் கல்லில் செதுக்கிய கப்பல்கள் மிதக்கத் தொடங்கும்.'

"தூக்கிடும்மா அந்த அத்தியாயத்தை," என்றார் சித்தப்பா. "பொண்டாட்டி புள்ளையோட வந்து இறங்குறவன் இப்படி நனைஞ்சா, நம்ம புத்தகத்தை ஆத்துல வீசிட்டுத்தான் போவான்."

"அந்தக் கோட்டை இல்லாம இந்த மாநிலத்துக்குக் கதை ஏது சித்தப்பா?"

"போய்ச் சேர முடியாத இடத்துக்குக் கதை எதுக்கு?" தேநீர்க் கடையைப் பார்த்து நடந்தார்.

அவள் திரும்பினாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. "திருப்தியா உங்களுக்கு? அந்த மேற்குச் சுவரை ஒரு தடவை காட்டியிருந்தா அவர் மனசு மாறியிருக்கும்."

"படகு மேற்குப் பக்கமே போகாதுங்க. நேரா வாசலுக்குத்தான்."

"அப்போ நான் பார்த்தது கனவா?"

அவன் கயிற்றைக் கீழே போட்டான். "கனவில்ல. மூணாவது வரிசைக் கல்லுல, பாய் விரிச்ச கப்பல். பாயைப் பூ மாதிரி செதுக்கியிருப்பான். கடலையே பார்க்காதவனா இருக்கணும்... இல்ல, கடலை ரொம்பப் பிடிச்சவனா இருக்கணும்."

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த வார்த்தைகள்... படகின் மேல்தளத்துக் கண்ணாடி அறையிலிருந்து, கரகரத்த ஒலிபெருக்கி வழியாக வாராவாரம் வந்த குரல். முகத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"படகு ஓட்டினது... நீங்களா?"

"போன வாரம் வரைக்கும். படகு லேட்டாகுது, டீசல் கூடச் செலவாகுதுன்னு ஆபீஸ்ல கூப்பிட்டுக் காரணம் கேட்டாங்க. நான் வாயைத் திறக்கல. கயிறு சுருட்ட அனுப்பிட்டாங்க."

"என்ன காரணம்?"

"விடுங்க. உங்க மேல பழி போடற மாதிரி ஆயிடும்."

"சொல்லுங்க."

கூரையில் மழை ஓங்கி, பிறகு தணிந்தது.

"ஒருநாள் படகு கிளம்பவே லேட்டாயிடுச்சு. எடுக்கப்போற நேரம், ரயில்லேருந்து ஒரு பொண்ணு செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வந்துச்சு. பாவம்னு நின்னேன். அடுத்த வாரமும் நின்னேன்... அது பாவம்னு இல்ல. கோட்டைக்குள்ள நின்னு மேற்குச் சுவரை எட்டி எட்டிப் பார்க்குதே, அது ஆத்துலேருந்துதானே தெரியும்னு சுத்திப் போனேன்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அந்தப் படகு யாருக்கும் நிக்காதுங்க. நாந்தான் நின்னேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஒருவன் மனதை ஊருக்கெல்லாம் பொதுவான கால அட்டவணை என்று எழுதி வைத்திருக்கிறாள்... தன் எழுத்தில் ஒரு வரி பிசகாது என்று எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறாள். தேநீர்க் கடைக்கு நடக்கக் கால் கூசியது. ஆனாலும் நடந்தாள்.

"தப்பு என்னோடதுதான் சித்தப்பா. படகு ரயிலுக்காக நிக்காது. மதிய ரயில்ல வந்தா தாராளமாப் பிடிக்கலாம். மாத்தி எழுதிடறேன். கோட்டையைத் தூக்காதீங்க."

"மேற்குச் சுவர்?"

"வாடகைத் தோணி இருக்கு சார்," என்றான் பின்னாலேயே வந்தவன். "கேட்டா சுத்திக் காட்டுவாங்க."

சித்தப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, இருக்கட்டும். ஏம்மா, வாராவாரம் வந்தியே, ஒரு தடவைகூடவா அந்த போர்டைப் படிக்கல?" பதிலுக்குக் காத்திராமல் குடையை விரித்துக்கொண்டு, தோணிக்காரர்களை விசாரிக்கக் கிளம்பினார்.

அவள் ஈரத் துப்பட்டாவின் நுனியைப் பிழிந்தாள். "நாளைக்கு உங்க ஆபீஸுக்கு வரேன். காரணத்தை நானே சொல்றேன்."

"வேண்டாங்க. புத்தகம் எழுத வந்தவங்களை நான் எதுக்கு மாட்டிவிடணும்?"

"புத்தகமா?" முதல் முறையாக அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது. "கோட்டை அத்தியாயத்தை ரெண்டாவது தடவை வந்தப்பவே முடிச்சுட்டேன்."

"அப்போ... அதுக்கப்புறமும் ஏன் வந்தீங்க?"

"மேல இருந்து ஒருத்தர் மைக்ல பேசுவார்... அதைக் கேக்கத்தான்."