மங்கலாய்த் தெரிந்த எழுத்து

ஏதோ ஒரு குடைக்கம்பி வந்து இடித்தது மட்டும்தான் மேரியனுக்குத் தெரிந்தது. மறுகணம் மூக்கின் மேலிருந்த கண்ணாடியைக் காணவில்லை. வட அயர்லாந்தின் குக்ஸ்டவுன் ஊரில் அந்த நீண்ட தெரு முழுவதும் மழையில் கரைந்த வர்ணமாகிவிட்டது. சனிக்கிழமைச் சந்தையின் தார்ப்பாய்க் கூரைகள், பஸ், தேவாலயக் கோபுரம்... எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று வழிந்தன.

"அசையாதீங்க... கீழேதான் எங்கேயோ விழுந்திருக்கு," என்றது ஓர் ஆண்குரல்.

அவள் அசையவில்லை. அவன்தான் அசைந்தான். நறுக்கென்று ஒரு சத்தம்.

"கிடைச்சிடுச்சு," என்றான் மெதுவாக.

"காலுக்கா?"

"...ஆமாங்க."

அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குப் புரியவில்லை. "நான் நூலக வண்டி ஓட்டறவ. திங்கட்கிழமை மலைக் கிராமமெல்லாம் புத்தகத்துக்குக் காத்துக்கிட்டு நிக்கும். எந்தக் கண்ணை வச்சுக்கிட்டு நான் ஓட்டறது?"

"அதோ தெரியுது பாருங்க, பச்சைக் கதவு..."

"எனக்கு எதுவும் தெரியலைங்க."

"மன்னிச்சிடுங்க. அங்க ஒரு கண்ணாடிக் கடை இருக்கு. அதுல கண் பார்க்கிறவன் நான்தான்."

"நல்லா ஆள் பிடிக்கிறீங்க. தெருவுல நின்னு உடைக்கிறது, உள்ள கூட்டிட்டுப் போய் விக்கிறது."

"மழைக்காலத்துல வியாபாரம் கொஞ்சம் மந்தம்," என்றபடி அவளுக்குக் குடை பிடிக்கக் குனிந்தான்.

கிட்டத்தில் இருப்பது மட்டுமே தெளிவாகத் தெரியும் கண்கள் அவளுடையவை. அந்த மங்கலான உலகத்தில் முதன்முதலாகத் தெளிந்து வந்தது அவன் முகம். மழைநாள் ஏரியைப் போலச் சாம்பல் நிறக் கண்கள். இமை நுனியில் நின்ற துளி விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது...

அவள்தான் முதலில் பார்வையை விலக்கினாள்.

மேரியன் மார்ட்டின். நோயல் ரீட். இரண்டுமே எதையும் காட்டிக்கொடுக்காத பெயர்கள். எந்தப் பள்ளி, எந்தத் தேவாலயம், எந்தக் கொடி... பெயரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதில் இருவருக்குமே ஒரு சின்ன நிம்மதி இருந்தது.

இருட்டறையில் எழுத்துப் பலகை மட்டும் ஒளிர்ந்தது. மூக்கின் மேல் கனமான இரும்புச் சட்டம். அவன் விரல்கள் காதோரம் பட்டும் படாமலும் வில்லைகளை மாற்றிக்கொண்டிருந்தன.

"மேல் வரிசையிலேர்ந்து படிங்க."

"டி... என்... ஆர்..."

நின்றுவிட்டாள். அடுத்து நின்றது, இரண்டு கம்பங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டை போட்டதுபோல் இருக்கும் அந்த எழுத்து.

அந்த எழுத்தைச் சொல்வதற்கு முன், இந்த மண்ணில் பிறந்த எல்லோருக்குமே ஒரு தயக்கம் உண்டு. கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர்கள் மூச்சை ஊதி 'ஹெய்ச்' என்பார்கள். புராட்டஸ்டன்ட் பள்ளியில் படித்தவர்கள் ஊதாமல் 'எய்ச்' என்பார்கள். கலவர காலத்தில் ஆளை இருட்டில் நிறுத்தி, எழுத்துகளை ஒப்பிக்கச் சொல்லி, அந்த ஒரு மூச்சைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் இருந்தார்களாம். இப்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஆனால் எல்லோருடைய காதிலும் அது விழத்தான் செய்கிறது.

'சொன்னால் என்ன ஆகும்? மரியாதை குறையாது. சிரிப்புகூடக் குறையாது. ஆனால் உள்ளே எங்கோ ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும்...' அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கமானது. இவனிடமிருந்து அதைக் கேட்க ஏனோ மனம் வரவில்லை.

"அது... மங்கலா இருக்கு," என்றாள்.

அவன் இன்னொரு வில்லையைச் செருகினான். அடுத்த வரிசையிலும் அதே எழுத்து.

"இதுவும் மங்கல்தான்."

மேலும் ஒரு வில்லை.

புதுக் கண்ணாடி வந்த ஒரு வாரத்தில் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பச்சைக் கதவின் முன் நின்றாள்.

"தலை வலிக்குதா?"

"தலையும் வலிக்குது. ரோட்டோரம் நிக்கிற பசுவெல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி தெரியுது. ஒரு நாள் நிஜமாவே இடிச்சிடுவேன்."

மறுபடியும் இருட்டறை. மறுபடியும் அதே எழுத்தில் அவள் நின்றாள். நோயல் எழுந்துபோய் விளக்கைப் போட்டுவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"இந்தப் பக்கம் இருக்கிறது தெரியுது. அந்தப் பக்கம் இருக்கிறதும் தெரியுது. நடுவுல இருக்கிறது மட்டும் தெரியல. இப்படி ஒரு கண்நோய் நான் படிச்ச புத்தகம் எதிலயும் இல்லைங்க." அவன் குரலில் கேலி இல்லை. "அன்னைக்கே நான் கண்டுபிடிச்சிருக்கணும். என் புத்தி அன்னைக்கு வேலையில இல்ல."

அவள் கன்னம் சூடேறியது. தரையைப் பார்த்தாள்.

"சரி... நான் முதல்ல சொல்லிடறேன்," என்று பலகையைப் பார்த்தான். "எய்ச்."

ஜன்னலில் மழை தட்டிக்கொண்டிருந்தது.

"ஹெய்ச்," என்றாள் மேரியன். அந்த மூச்சு உதட்டைத் தாண்டியதை அவளே கேட்டாள். நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சாம்பல் கண்களில் எந்தக் கதவும் சாத்திக்கொள்ளவில்லை...

அதற்குப் பிறகு தேநீர். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை நடைகள். 'வாங்க, போங்க' எந்த வாரத்தில் 'வா, போ' ஆனது என்று இருவருக்கும் தெரியவில்லை. வழக்கமாக அங்கே கண் பார்க்கும் கடைப் பெரியவர் அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பும்வரை, நவம்பர் பாதி வரைக்கும்தான், நோயலுக்கு இங்கே வேலை. கடலுக்கு அப்பால் ஸ்காட்லாந்தில், அவன் படித்த கிளாஸ்கோவில் ஒரு வேலை காத்திருந்தது. "இருன்னு ஒருத்தர் சொன்னா இருந்துடுவேன்," என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னான். அவள் கேக்கைப் பிட்டுக்கொண்டே இருந்தாள். சொல்லத்தான் போகிறாள்... இன்றைக்கே சொல்ல வேண்டுமா என்ன?

கலவரத்தை முடித்துவைக்க முந்தின வருடம் கையெழுத்தான ஒப்பந்தம், இங்கே பிறந்தவர்கள் கத்தோலிக்கர்கள் சொல்வதுபோல் ஐரிஷாகவோ, புராட்டஸ்டன்ட்டுகள் சொல்வதுபோல் பிரிட்டிஷாகவோ, இரண்டுமாகவோ இருக்கலாம் என்று சொல்லியிருந்தது. சொன்னதும் போதும், ஊரே பட்டிமன்ற மேடையாகிவிட்டது. இவர்களுடைய தேநீர் மேஜை மட்டும் தப்புமா?

"ரக்பியில யாருக்குக் கை தட்டுவே?" என்பாள் அவள்.

"அயர்லாந்துக்கு. அதுல மொத்தத் தீவுக்கும் ஒரே அணிதானே."

"கால்பந்துல?"

"வட அயர்லாந்துக்கு."

"அப்போ சனிக்கிழமை ஐரிஷ், புதன்கிழமை பிரிட்டிஷ்."

"ஞாயித்துக்கிழமை தூங்குவேன்."

"கிளாஸ்கோவுல உன்னை என்னன்னு கூப்பிட்டாங்க?"

"பேடின்னுதான். அயர்லாந்துலேர்ந்து யார் போனாலும் அங்க அதுதான் பேரு."

"பார்த்தியா?"

"நீ தெற்கே டப்ளின் போனப்ப?"

அவள் உதட்டைச் சுழித்தாள். "'வடக்குக்காரி வந்துட்டா, பையில குண்டு இருக்கான்னு பாரு'ன்னாங்க."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிக்க முடிகிறவரை அந்தப் பட்டிமன்றம் அவர்களை ஒன்றும் செய்யவில்லை.

அக்டோபரில் ஒருநாள் ஃபே ஏரியைச் சுற்றி நடந்தார்கள். காற்றில் ஈரம். அவன் கை அவள் கைக்குள் இருந்தது. தூரத்து மலையைக் காட்டி, "ஸ்லீவ் கல்லியன்... சின்ன வயசுல அப்பாகூட அது மேல ஏறியிருக்கேன்," என்றான். அவன் அந்தப் பெயரைச் சொன்ன விதத்தில் ஏதோ ஒன்று அவள் நெஞ்சை நிறைத்தது.

"நீ ஆசையா சொல்ற மலைப் பேரெல்லாம் ஐரிஷ் பேரு. நீயும் ஐரிஷ்தான் நோயல்... உனக்குத்தான் இன்னும் தெரியல."

அன்போடுதான் சொன்னாள். அவள் வளர்ந்த வீட்டில், 'நீ எங்களில் ஒருவன்' என்பதற்கு மேல் ஒருவனுக்குக் கொடுக்க எதுவும் கிடையாது. ஆனால் அவள் கைக்குள் இருந்த கை மெல்ல விலகியது.

"இதை வேற ஒருத்தரும் சொல்லியிருக்காங்க," என்றான். பார்வை ஏரியின் மேல் இருந்தது. "அப்பா பகல்ல பால் வண்டி ஓட்டுவாரு. சில நாள் ராத்திரி போலீஸ் சீருடை போடுவாரு. எனக்குப் பதினோரு வயசு. காலையில கார்ல சாவியைத் திருப்பினாரு, குண்டு வெடிச்சுது... அவ்வளவுதான். அதை வச்ச ஐரிஷ் குழுக்காரங்க மறுநாள் அறிக்கை விட்டாங்க. அவரும் ஐரிஷ்காரர்தானாம். தப்பா பிரிட்டிஷ்காரன் சீருடையைப் போட்டுட்டாராம். கொன்னதுக்கு அப்புறமும் அவர் யாருன்னு அவங்கதான் சொன்னாங்க. நீயும் சொல்லாதே மேரியன்."

அந்த இடத்தில் அவள் மௌனமாக இருந்திருக்கலாம். பொல்லாத கர்வம் விடவில்லை.

"எங்களை மட்டும் கேட்டா சொன்னாங்க? வேலை முடிஞ்சு வர்ற வழியில எங்க அண்ணன் பெர்கலை மழையில இறக்கி நிக்க வைப்பாங்க, அதே சீருடைக்காரங்க. அது கத்தோலிக்கப் பேருன்னு தெரிஞ்சதும் இன்னும் கொஞ்ச நேரம் நிக்க வைப்பாங்க. நாங்க பிரிட்டிஷ்னு எங்களுக்கும் வேற யாரோதான் முடிவு பண்ணினாங்க."

"அப்பா யாரையும் மழையில நிக்க வச்சதில்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

'உனக்கு' அல்ல, அவனையும் அவன் ஆட்களையும் சேர்த்து 'உங்களுக்கு'... வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே குத்தியது. திரும்பி வரும் வழியெல்லாம் காரின் துடைப்பான் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

அவன் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. மலைச்சாலைகளில் வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அவளுக்குள் அதே வாதம் நடந்தது. ஒவ்வொரு முறையும் அவளே ஜெயித்தாள். ஜெயித்த ஒவ்வொரு முறையும் மனது காலியாக இருந்தது. ஒருநாள் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோது, அது தானாகவே வந்து எதிரில் நின்றது. 'நான் சொன்ன வார்த்தையில் தப்பில்லை... அவனுக்குப் பதிலாக நான் சொன்னேனே, அதுதான் தப்பு. அவனுடைய அப்பா உயிர் கொடுத்து வைத்துக்கொண்ட ஒன்றை, அவன் கையிலிருந்து பிடுங்கி, என் கையில் இருந்ததைத் திணித்தேன்.'

கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் பெண்ணிடம் விசாரித்தாள். திங்கட்கிழமைக் கப்பலில் நோயல் போகிறானாம்.

அதற்கு முந்தைய ஞாயிறு, பிரிட்டனுக்காகப் போரிலும் சீருடையிலும் இறந்தவர்களை நினைக்கும் நாள். நினைவுத்தூணைச் சுற்றி எல்லோரும் கோட்டில் சிவப்புக் காகிதப் பூ குத்திக்கொண்டு நிற்பார்கள். எல்லோரும் என்றால், அவள் தெருக்காரர்கள் அல்ல. அவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

அவள் கோட்டை மாட்டுவதைப் பார்த்துவிட்டுப் பெர்கல் பேப்பரைக் கீழே வைத்தான்.

"பூசைக்கா?"

"இல்லண்ணா. தூணுக்கு."

"என்னை நிக்க வச்சவங்களுக்காக நீ போய் நிக்கப்போறியா?"

"அவங்களுக்காக இல்ல. ஒருத்தருக்காக."

"ஊரு பார்க்கும் மேரியன்."

"தெரியும்."

"போயிட்டு வந்து என்கிட்ட ஒண்ணும் சொல்லாதே," என்றான் அவன். கோபத்தைவிட வலிதான் அதில் அதிகம் இருந்தது. அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு இறங்கினாள்.

தூறல். எதிர் நடைபாதையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தெருவைக் கடந்து கூட்டத்தின் ஓரத்தில் போய் நின்றாள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பூ இல்லாத கோட்டைப் பார்த்தார்கள். ஒருவர் கொஞ்சம் விலகி அவளுக்கு இடம் விட்டார்.

பெயர்களைப் படித்தார்கள். மழை மேல்கோட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

"சாமுவேல் ரீட்."

அந்தப் பெயர் காற்றில் போய் முடியும்வரை மேரியன் தலை குனிந்து நின்றாள். நிமிர்ந்தபோது, கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து நோயல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சாம்பல் கண்கள் நனைந்திருந்தன. மழையாகவும் இருக்கலாம்.

கூட்டம் கலைந்தது. அவன் தன் தாயோடு வந்தான். மிசஸ் ரீட் ஒடிசலான பெண்மணி. மேரியனின் வெறுங்கோட்டைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"நீதான் அந்த நூலகப் பொண்ணா?"

"ஆமாம்மா."

"வந்ததுக்கு நன்றி." ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். "உன்னை வீட்டுக்குக் கூப்பிட இன்னும் எனக்கு மனசு வரல. தப்பா நினைக்காதே. ஷூவெல்லாம் நனைஞ்சிருக்கு... சளி பிடிக்கும்." அதற்கு மேல் நிற்காமல் காரை நோக்கி நடந்தார்.

இருவரும் மட்டும் நின்றார்கள்.

"பூ குத்தலை," என்றாள் அவள்.

"பார்த்தேன்."

"என்னால முடியாது நோயல். அந்தப் பூ பெர்கலை நிக்க வச்சவங்களுக்கும் சேர்த்துத்தான். ஆனா உங்க அப்பா பேரைப் படிக்கும்போது நான் இங்க இருக்கணும்னு தோணுச்சு. அவர் என்னவா இருந்தாரோ, அப்படியே அவரை நினைக்கணும்னு... பிரிட்டிஷாவே."

"பெர்கலை நிக்க வச்சவங்கள்ல அப்பாவும் இருந்தாரான்னு எனக்குத் தெரியாது. அன்னைக்குத் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். இருந்திருக்கலாம்... அதை நினைச்சு எனக்குத் தூக்கமே இல்ல."

அவள் அவன் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை வீடு வரைக்கும் கொண்டுவந்து விடட்டுமா?" என்றான். அவளுடைய வீடு தெருவின் மறுகோடியில், அவள் ஆட்கள் இருக்கும் பக்கம். நடக்கத் திரும்பியவன், நின்று, கோட்டிலிருந்த சிவப்புப் பூவைக் கழற்றக் கை வைத்தான்.

அவள் கை அவன் கையின் மேல் விழுந்து தடுத்தது. காகிதப் பூவுக்குக் கீழே அவன் நெஞ்சு படபடப்பது உள்ளங்கையில் தெரிந்தது.

"இருக்கட்டும்."

"உங்க ஆளுங்க பார்ப்பாங்க."

"பார்க்கட்டும். ஒளிச்சு வச்சுக்கிட்டு உன்னை எங்க தெருவுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நாளைக்குக் கப்பல் ஏறாதே. நீ எதுவா இருந்தாலும் பரவாயில்லைன்னு சொல்ல வரல... அப்படிச் சொன்னா அது பொய். நீ இதுவா இருக்கிறே. நான் அதுவா இருக்கிறேன். நான் நேசிக்கிறது உன்னை... இப்படி இருக்கிற உன்னை."

அவன் பூவிலிருந்து கையை எடுத்தான்.

"கிளாஸ்கோவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்," என்றான். "நானும்தான் மேரியன்... கண்ணாடி உடைஞ்ச அன்னைக்கே."

பன்னிரண்டு மணிப் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. அந்த நீண்ட தெருவில், தேவாலயத்துக்கு விரைந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நடையைத் தளர்த்தினார்கள். அவன் கோட்டில் பூ இருந்தது. அவள் கோட்டில் இல்லை. தெரிந்தவர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருவர் தயங்கித் தலையசைத்தார். அவன் கையை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டு, பதிலுக்குத் தலையசைத்துவிட்டு, மேரியன் நடந்தாள்.