மடித்துவிட்ட முனை

காலை 10.10.

ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்த ரிப்பேர்க் கடை மீட்டரக்கா, "இது உங்க ஸ்பீக்கரே இல்லம்மா" என்றாள்.

எதிரே நின்ற பெண்ணுக்கு முகம் வெளுத்தது. இரண்டு மாதத்துக்கு முன் மாரடைப்பில் போன கிட்டார்காரனின் தங்கை அவள். அண்ணன் ஒரு பாட்டைப் பாதியில் விட்டுப் போயிருந்தான். மீதியை அவனுடைய கிட்டாரில், அவனுடைய ஆம்ப்ளிஃபயரில், அவனுடைய சத்தத்திலேயே வாசித்து முடிக்க வேண்டும். முதல் பாதியைப் பதிவு செய்த ஸ்டுடியோக்காரர் நாளை ஊரையே காலி செய்கிறார். இன்று மாலை ஐந்து மணியை விட்டால் வேறு நேரம் கிடையாது. காலையில் போட்டுப் பார்த்தால் சத்தம் வந்தது, ஆனால் அண்ணனுடையதாக இல்லை, செத்துக் கிடந்தது.

"ஸ்பீக்கர் போயிடுச்சுன்னு நினைச்சேன்க்கா. புது ஆம்ப் வாங்கற நிலைமையில நாங்க இல்ல. ஸ்பீக்கரை மட்டும் கம்மியில மாத்திக் குடுங்க."

என்ன கோளாறு என்று தெரியாமல் மீட்டரக்கா எதையும் மாற்ற மாட்டாள். அதனால் அவள் கடைக்கு நல்ல பேர் உண்டு, நல்ல வருமானம் கிடையாது. முதலில் ஆம்ப்ளிஃபயரைக் கடை ஸ்பீக்கரில் இணைத்தாள். கணீரென்று பாடியது. பிறகு உள்ளே இருந்த ஸ்பீக்கரில் மீட்டரை வைத்தாள். மின்தடையைக் காட்டும் முள் ஏழு ஓமுக்குப் பக்கத்தில் நின்றது. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியான கணக்கு. கடைசியாக ஒரு சின்ன பேட்டரியைத் தொட்டு எடுத்தாள். காகிதக் கூம்பு உரசாமல் 'டப்' என்று துள்ளியது.

"ஆம்ப் நல்லா இருக்கு. ஸ்பீக்கரும் நல்லா இருக்கு. மலிவுதான், ஆனா புத்தம் புதுசு. அதுதான் இடிக்குது."

"அப்ப இது திருட்டு!" என்றாள் தங்கை.

"ஆம்ப் இருந்த அறைச் சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு. அண்ணிகிட்ட ஒண்ணு. அவங்க ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போறப்ப ஆணியில மாட்டிட்டுப் போவாங்க."

"கடைசியா எப்ப வாசிச்சே?"

"போன மாசம். அப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

"நடுவுல யாரு வந்தா?"

"டிரம்மர். அண்ணன் போன மறுவாரமே வெட்கமில்லாம 'ஆம்ப்பை எனக்குக் குடு'ன்னு கேட்டவன். போன வாரம் அந்த அறைக்குள்ள போயிட்டு வந்திருக்கான். வேற யாரு எடுத்திருப்பா?"

காலை 11.05.

டிரம்மர் போனில் கிடைத்தான்.

"கேட்டேன், இல்லேங்கல. அவன் ஞாபகமா வச்சுக்கலாம்னு கேட்டேன். என் குச்சிங்க அங்க கிடந்துச்சு, எடுத்துட்டு வந்தேன். அவ்வளவுதான்."

"அந்த ஸ்பீக்கர் எத்தனை ஓம்?"

"ஓமா? அது மந்திரம்ல?"

மீட்டரக்கா சிரிக்காமல் போனை வைத்தாள். "இவன் இல்ல."

"நடிக்கிறான்க்கா!"

"இவ்வளவு நல்லா நடிச்சா டிரம் எதுக்கு அடிக்கிறான்? சரி, உங்க அண்ணன் வாசிச்சதைப் போடு."

தங்கை செல்போனில் போட்டாள். போன வருடத்துப் பாட்டு சுத்தமாக, தண்ணீராக ஓடியது. பாதிப் பாட்டு வேறு. தந்தியை அழுத்தி மீட்டும்போதெல்லாம் ஓரத்தில் 'கர்ர்' என்று ஒரு கரகரப்பு. அழுது முடித்தவன் பேசுகிற மாதிரி இருந்தது.

"இந்தக் கரகரப்பு எப்பலேர்ந்து?"

"இந்த வருஷ ஆரம்பத்துலேர்ந்து. எப்படின்னு கேட்டா, 'உங்க அண்ணி குடுத்தது'ன்னு சிரிப்பான். பொண்டாட்டியைக் கொஞ்ச ஒரு சாக்குன்னு நானும் விட்டுட்டேன்."

மீட்டரக்கா மறுபடி ஸ்பீக்கரின் பின்னால் குனிந்தாள். ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டிய இடத்தில் கம்பிகளை முறுக்கி, வெள்ளை பிளாஸ்திரி சுற்றியிருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். நகம் வைத்துச் சுரண்ட வேண்டியிருக்கவில்லை, சுலபமாக வந்துவிட்டது. பிரிந்து வந்த முனையை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் முகம் வாடிப்போனது.

"அண்ணி எத்தனை மணிக்கு வருவாங்க?"

மாலை 3.15.

அண்ணி நர்ஸ் உடையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வீட்டு நடுக்கூடத்தில் ஆம்ப்ளிஃபயர். மீட்டரக்கா குரலை உயர்த்தவே இல்லை.

"திருடறவன் கையில கிடைச்சதை மாட்டிட்டுப் போவான். இங்க பின்பலகையில எட்டு ஓம்னு போட்டிருக்கு, சரியா அதே எட்டு ஓம் வாங்கியிருக்காங்க. சீட்டைப் பாத்து மருந்து வாங்கற மாதிரி."

அண்ணி பார்வையை அலமாரிப் பக்கம் திருப்பினாள்.

"அப்புறம் இந்த பிளாஸ்திரி. எங்க ஆளுங்க இழுத்து ஒட்டிட்டுப் போயிட்டே இருப்போம். இதுல முனையை மட்டும் உள்ள மடிச்சு விட்டிருக்கு. உரிக்கறப்ப நோயாளிக்கு வலிக்கக் கூடாதுன்னு நினைக்கிற கை அது. கம்பிக்கு வலிக்காதும்மா. கை பழக்கம், விடல."

"அண்ணி... நீங்களா?" என்றாள் தங்கை. "ஏன்?"

"கிழிஞ்சிருந்ததால" என்றாள் மீட்டரக்கா. "அந்தக் கரகரப்பு, கூம்பு கிழிஞ்ச சத்தம். கிழிச்சதும் நீங்கதானே?"

அண்ணி எழுந்து போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து துண்டில் சுற்றிய பழைய ஸ்பீக்கரை எடுத்து வந்தாள். கூம்பில் நான்கு விரல் நீளத்துக்கு ஒரு நேர்க்கோட்டுக் கிழிசல்.

"ரெண்டு டியூட்டி சேத்துப் பாத்துட்டு வந்து படுத்தேன். வாசிக்கறதை நிறுத்துங்கன்னு மூணு தடவை சொன்னேன், நிறுத்தல. பாக்கெட்ல கத்தரிக்கோல் இருந்துச்சு. பின்னால கையை விட்டு ஒரே கிழி. அவர் ஒரு வார்த்தை பேசல. அதுக்கப்புறம் நான் வீட்ல இருக்கறப்ப அவர் கிட்டாரையே தொடல." கிழிசலின் மேல் விரலை ஓட்டினாள். "அவர் பாட்டைக் கொன்னதே நான்தான். இவ வாசிக்கப்போறேன்னதும் பயந்துட்டேன். இவளுக்காவது சரி பண்ணி வைப்போம்னு..."

"அந்தப் பாதிப் பாட்டைக் கேட்டிருக்கீங்களா?"

"இல்ல. எந்த முகத்தோட கேப்பேன்?"

தங்கை அண்ணியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி, அவன் அந்தச் சத்தத்தை விட்டுப் பிரியவே மாட்டேன்னான். கேட்டப்பல்லாம் 'உங்க அண்ணி குடுத்தது'ன்னு சிரிப்பான். நான்தான் மக்கு, எனக்குப் புரியல."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறு மாதமாக மனசில் கிடந்த குற்றம் இப்போது வேறொன்றாக மாறி நின்றது. அதைச் சொல்லி ஆற்றிக்கொள்ள அவன் இல்லை. அவளைத் தேற்ற மீட்டரக்காவிடம் எந்தக் கருவியும் இல்லை.

மாலை 4.20.

பழைய ஸ்பீக்கரை மறுபடி மாட்டி ஈயம் வைத்தாயிற்று. "கிழிசலை ஒட்டட்டுமா?" என்று கேட்டாள் மீட்டரக்கா.

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்றாள் அண்ணி.

தங்கை தந்தியை அழுத்தி மீட்டினாள். கர்ர் என்று அந்தச் சத்தம் கூடம் முழுக்க எழுந்தது. அண்ணியின் தோள்கள் குலுங்குவதைக் கண்டு தங்கை பதறிப்போய் தந்தியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

அண்ணி அந்தக் கையை எடுத்து விட்டாள்.

"நிறுத்தாத" என்றாள்.